நிலைக்குழுவைத் தாண்டிப் போகும் மசோதாக்கள்

2025 டிசம்பரில் நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடரின் கடைசி வாரத்தில் இரண்டு பெரிய சட்டங்கள் அடியோடு மாற்றி எழுதப்பட்டன. ‘சாந்தி’ என்று பெயரிடப்பட்ட அணுசக்தி மசோதா 15-ம் தேதி மக்களவையில் அறிமுகமாகி, 17-ம் தேதி அங்கே நிறைவேறி, 18-ம் தேதி மாநிலங்களவையையும் கடந்தது. ‘விபி-ஜி ராம் ஜி’ என்னும் ஊரக வேலைவாய்ப்பு மசோதா 16-ம் தேதி அறிமுகமானது. 18-ம் தேதி மக்களவை அதை நிறைவேற்றியது. அன்று நள்ளிரவு தாண்டிய வேளையில் மாநிலங்களவையும் நிறைவேற்றியது. முதலாவது மசோதா 1962-ன் அணுசக்திச் சட்டத்தையும் 2010-ன் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டத்தையும் நீக்கியது. இரண்டாவது, நம் கிராமங்களில் ‘நூறு நாள் வேலை’ என்றே அறியப்பட்ட 2005-ன் சட்டத்தை நீக்கியது. இரண்டையும் நாடாளுமன்றக் குழுவின் ஆய்வுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அனுப்பப்படவில்லை.

நீக்கப்பட்ட 2005, 2010 சட்டங்கள் இரண்டுமே நிலைக்குழு வழியாக வந்தவை. அவற்றை உருவாக்கிய நாடாளுமன்றத்துக்கு இருந்த பொறுமை, அவற்றை நீக்கிய நாடாளுமன்றத்துக்கு ஏன் இல்லாமல் போனது? இதைக் கட்சிச் சண்டையாகச் சுருக்கிவிடக் கூடாது. ஒரு சட்டம் தன்னால் பாதிக்கப்படப்போகும் மக்களின் குரலைக் கேட்ட பிறகு பிறக்கிறதா, கேட்காமலே பிறக்கிறதா என்பது இந்தக் கேள்விக்கான பதிலில்தான் அடங்கியிருக்கிறது.

2004-க்குப் போவோம். அந்த ஆண்டு டிசம்பர் 21 அன்று மன்மோகன் சிங் அரசு தேசிய ஊரக வேலை உறுதி மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்தது. மசோதா ஊரக வளர்ச்சி நிலைக்குழுவுக்குப் போனது. அந்தக் குழுவின் தலைவர் பாரதிய ஜனதா கட்சியின் கல்யாண் சிங். ஆளும் கூட்டணி தன் பெருமைக்குரிய திட்டமாகக் கருதிய மசோதாவை, எதிர்க்கட்சியின் மூத்த தலைவர் ஒருவர் வரி வரியாகப் பார்த்தார். குழுவின் அறிக்கை 2005 ஜூலையில் வந்தது. ஆகஸ்ட் 23 அன்று மக்களவை சட்டத்தை நிறைவேற்றியது. இடையில் ஓடிய எட்டு மாதங்களில் மசோதா உருமாறியிருந்தது. அறிமுகமானபோது அது ‘ஏழைக் குடும்பங்களுக்கு’ மட்டுமானது. வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இல்லாதவர் மண்வெட்டியோடு வந்து நின்றாலும் வேலை கேட்க முடியாது. சட்டமாக வெளிவந்தபோது அந்த வரம்பு இல்லை. உடலுழைப்புக்கு முன்வரும் எந்த ஊரகக் குடும்பமும் கேட்கலாம் என்றானது. பட்டியலில் இடம்பிடிக்க யார் காலையும் பிடிக்க வேண்டாம் என்ற நிலை இதனால்தான் வந்தது. தமிழ்நாட்டில் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் இந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு வரம்பு நீங்கியதன் பொருள் விளங்கும்.

புதிய சட்டத்துக்கு அந்த எட்டு மாதங்கள் கிடைக்கவில்லை. அறிமுகத்துக்கு முந்தைய நாள்தான் மசோதாவின் பிரதி மக்களவை உறுப்பினர்களின் கைக்கு வந்தது. 100 நாள் என்பது 125 நாளாகியிருக்கிறது என்று அரசு சொல்கிறது, அது உண்மை. ஆனால், பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு ஏற்றது. புதிய சட்டத்தில் பெரும்பாலான மாநிலங்கள் மொத்தச் செலவில் 40 சதவீதத்தைச் சுமக்க வேண்டும். முன்பு வேலை கேட்போரின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பணம் வந்தது. இனி ஒவ்வொரு மாநிலத்துக்கும் இவ்வளவு என்று மத்திய அரசு முன்கூட்டியே ஒரு தொகையைத் தீர்மானிக்கும். அதைத் தாண்டினால் மாநிலத்தின் பொறுப்பு. விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாட்கள் வரை இந்த வேலைகளே நடக்காது.

ஒரு குழு இந்த மசோதாவைக் கையில் எடுத்திருந்தால் என்னென்ன கேட்டிருக்கும்? மாநில நிதித்துறைச் செயலாளர்களை அழைத்து, இந்த 40 சதவீதம் எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று கேட்டிருக்கும். பணம் இல்லாத மாநிலம், வேலை கேட்டு வரும் பெண்ணின் மனுவை வாங்காமலே திருப்பி அனுப்பினால் அவர் யாரிடம் முறையிடுவது என்று கேட்டிருக்கும். வேலை நிறுத்தப்படும் 60 நாட்களில் நிலமுள்ளவர் கொடுக்கும் கூலியை ஏற்பதைத் தவிரக் கூலித் தொழிலாளிக்கு வேறு வழி இருக்குமா என்று கேட்டிருக்கும். வேளாண் தொழிலாளர் சங்கங்கள், ஊராட்சித் தலைவர்கள், பொருளாதார அறிஞர்கள், விவசாயிகள் என நான்கு தரப்பின் சாட்சியமும் பதிவாகியிருக்கும். குழு அரசின் பக்கமே சாய்ந்திருக்கலாம். அப்படியே ஆனாலும், எந்தக் காரணத்துக்காக என்று அறிக்கையில் எழுத வேண்டி வந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தற்போதைய மக்களவையில் ஊரக வளர்ச்சி, பஞ்சாயத்து ராஜ் நிலைக்குழுவின் தலைவர் காங்கிரஸின் சப்தகிரி சங்கர் உலாகா. முந்தைய மக்களவையில் 2022 முதல் அதன் தலைவராக இருந்தவர் திமுகவின் கனிமொழி. உலாகா தலைமையிலான குழு, வேலை நாட்களை 150 ஆக உயர்த்தவும் தினக்கூலியைக் குறைந்தது 400 ரூபாய் ஆக்கவும் ஏற்கெனவே பரிந்துரைத்திருந்தது. இந்தத் திட்டத்தின் உள்ளும் புறமும் தெரிந்த குழு அது. 2004-ல் காங்கிரஸ் அரசு தன் மசோதாவை பாஜக தலைவர் நடத்திய குழுவிடம் ஒப்படைத்தது. 2025-ல் பாஜக அரசு தன் மசோதாவை காங்கிரஸ் உறுப்பினர் நடத்தும் குழுவிடம் ஒப்படைக்கவில்லை. 20 ஆண்டுகளில் நாம் இழந்தது என்ன என்று கேட்டால், என் பதில் இதுதான்.

அணுசக்தியின் கதையும் இதே திசையில் போகிறது. 2010 மே மாதம் அறிமுகமான அணு விபத்து இழப்பீட்டு மசோதா, உலையை இயக்குபவரின் பொறுப்புக்கு 500 கோடி ரூபாய் உச்சவரம்பு வைத்தது. போபாலின் நினைவு எரிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அறிவியல், தொழில்நுட்ப நிலைக்குழு ஆகஸ்டில் அறிக்கை தந்தது. சட்டம் வந்தபோது வரம்பு 1,500 கோடியாக உயர்ந்திருந்தது. உடல் பாதிப்புக்கு இழப்பீடு கோரும் கால அவகாசம் 10 ஆண்டிலிருந்து 20 ஆண்டானது. குறைபாடுள்ள கருவியைக் கொடுத்த நிறுவனத்திடம் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையும் வலுவானது. அந்த உரிமையைத்தான் 2025-ன் சட்டம் பெரும்பகுதி விலக்கிக்கொண்டது; ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலோ, வேண்டுமென்றே சேதம் விளைவித்திருந்தாலோ மட்டுமே இனி கேட்கலாம். தனியார் நிறுவனங்களுக்கும் கதவு திறந்தாகிவிட்டது. கூடங்குளத்தையும் கல்பாக்கத்தையும் தன் கரையில் வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்கு இதில் சொல்ல எதுவும் இருக்காதா? இடிந்தகரை மீனவர் ஒருவர் ஒரு குழுவின் முன் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டாமா?

மசோதா எப்படிக் குழுவுக்குப் போகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் கோளாறு அங்கேதான் இருக்கிறது. அமைச்சர் முதலில் மசோதாவை அறிமுகம் செய்ய அவையின் அனுமதி கேட்பார். அந்தக் கட்டத்திலேயே உறுப்பினர்கள் எதிர்க்கலாம். நாடாளுமன்றத்துக்கு இப்படியொரு சட்டம் இயற்ற அதிகாரமே இல்லை என்று கருதினால் முழு விவாதமும் கோரலாம். வழக்கமாக இது சடங்காக முடிந்துவிடும். 2024 டிசம்பர் 17 அன்று ‘ஒரே நாடு, ஒரே தேர்தல்’ அரசமைப்புத் திருத்த மசோதாவின் அறிமுகத்துக்கே வாக்கெடுப்பு நடந்து 269 பேர் ஆதரவாகவும் 198 பேர் எதிராகவும் வாக்களித்தது அரிதான காட்சி. அறிமுகத்துக்குப் பிறகு மசோதாவை நேரடியாகப் பரிசீலனைக்கு எடுக்கலாம். தெரிவுக் குழுவுக்கோ இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்கோ அனுப்பலாம். மக்கள் கருத்தறியச் சுற்றுக்கும் விடலாம். இவை போக, 1993 முதல் துறைவாரியான நிலைக்குழுக்கள் இருக்கின்றன. இன்று அவை 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்களுக்கு இடமில்லை. கட்சிகளின் பலத்துக்கேற்பத் தலைவர் பதவிகள் பகிரப்படுகின்றன. கொறடாவின் உத்தரவு அங்கே செல்லாது என்பதால், தொலைக்காட்சிக் கேமராவின் முன் முழங்குபவர்கூடக் குழு அறையில் கோப்பைப் புரட்டிக் கேள்வி கேட்பார்.

இவ்வளவு இருந்தும், ஒரு மசோதாவை நிலைக்குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. மக்களவைத் தலைவரோ மாநிலங்களவைத் தலைவரோ அனுப்பினால் குழு ஆராயும், அனுப்பாவிட்டால் இல்லை. நடைமுறையில் அரசின் விருப்பமே முடிவு செய்கிறது. பிஆர்எஸ் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 14-வது மக்களவையில் 60 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 15-வதில் 71 சதவீதம். 16-வதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. 2019 முதல் 2024 வரையிலான 17-வது மக்களவையில் 16 சதவீதம். பிரிட்டன் மக்களவையில் இரண்டாம் வாசிப்பு முடிந்ததும் குழு நிலை வந்தே தீரும். அமெரிக்காவில் அறிமுகமாகும் மசோதாவின் முதல் வாசற்படியே குழுதான். இங்கே அது அருள்பாலிப்பாக இருக்கிறது.

குழுவுக்கு அனுப்பினால் காலதாமதம் ஆகும் என்பது அரசுகள் எப்போதும் சொல்லும் வாதம். 2020-ன் வேளாண் சட்டங்களைப் பார்ப்போம். ஜூன் 5 அன்று அவசரச் சட்டங்கள். செப்டம்பர் 14-ல் மசோதாக்கள் அறிமுகம். தெரிவுக் குழுவுக்கு அனுப்பும் கோரிக்கை நிராகரிப்பு. செப்டம்பர் 20 அன்று அமளிக்கு நடுவே இரண்டு முக்கிய மசோதாக்களும் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றம். பிறகு டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் சட்டங்களை நிறுத்திவைத்தது. நவம்பர் 29 அன்று அவை திரும்பப் பெறப்பட்டன. அந்தத் திரும்பப் பெறும் மசோதாவும் அறிமுகமான அன்றே விவாதம் இல்லாமல் நிறைவேறியது. நாடாளுமன்ற அறையில் சில மாதங்கள் கேட்டிருக்க வேண்டிய குரல்களை நெடுஞ்சாலையில் ஓராண்டு கேட்க நேர்ந்தது. வேகத்தால் மிச்சமான காலம் எதுவும் இல்லை.

மாறாக, வாடகைத்தாய் மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றிய அந்த மசோதாவில், நெருங்கிய உறவினர் மட்டுமே வாடகைத்தாயாக முடியும் என்றிருந்தது. மாநிலங்களவை அதைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பியது. உறவு என்ற கட்டாயத்தின் பேரில் குடும்பத்துக்குள்ளேயே ஒரு பெண் நிர்ப்பந்திக்கப்படலாம் என்ற அச்சம் அங்கே பேசப்பட்டது. ‘விருப்பமுள்ள பெண்’ என்று அது மாறியது. வாடகைத்தாய்க்கான காப்பீடு 16 மாதத்திலிருந்து 36 மாதமானது. கணவனை இழந்தவர்களும் மணமுறிவு பெற்றவர்களும் இந்த வழியில் குழந்தை பெற இடம் கிடைத்தது. அரசு இவற்றை ஏற்றது. ஆளும் கட்சியின் பூபேந்தர் யாதவ்தான் அந்தக் குழுவின் தலைவர். நல்ல யோசனை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ள ஏற்ற இடம் குழு அறைதான்.

குழுவுக்கு அனுப்புவதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. இந்த மக்களவையில் நிலைக்குழுக்களை விட்டுவிட்டு, அந்தந்த மசோதாவுக்கென்று தனியாகக் கூட்டுக் குழுவோ தெரிவுக் குழுவோ அமைக்கும் போக்கு வளர்ந்திருக்கிறது. இத்தகைய குழுவை அமைக்கும் தீர்மானத்தை அரசு கொண்டுவருகிறது. தலைவர் பெரும்பாலும் ஆளும் தரப்பிலிருந்து வருகிறார். 2024 ஆகஸ்டில் வக்ஃபு திருத்த மசோதாவுக்கு அமைந்த 31 பேர் கூட்டுக் குழுவில் எதிர்க்கட்சிகள் கொடுத்த திருத்தங்கள் ஒன்றுவிடாமல் தோற்றன. ஆளும் கூட்டணியின் 14 திருத்தங்கள் ஏற்கப்பட்டன. எதிர்ப்புக் குறிப்புகளின் பகுதிகள் அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டதாகப் பெரும் சர்ச்சை எழுந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா வேறு விதமான ஏமாற்றம். கூட்டுக் குழு இரண்டு ஆண்டுகள் உழைத்து 81 திருத்தங்களைப் பரிந்துரைத்தது. அரசு 2022-ல் மசோதாவையே விலக்கிக்கொண்டு, 2023 ஆகஸ்ட் 3 அன்று புதிதாக ஒன்றை அறிமுகம் செய்து, குழு எதுவும் பார்க்காமலே 9-ம் தேதிக்குள் இரு அவைகளிலும் முடித்துவிட்டது.

ஆனால், இவையெல்லாம் குழு முறையைக் கைவிடுவதற்கான காரணங்கள் ஆகா. அதை இறுக்கமாகக் கட்ட வேண்டும் என்பதற்கான காரணங்கள். குழுவின் பயன் அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2025 பிப்ரவரியில் அறிமுகமான வருமான வரி மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பி 285 பரிந்துரைகளைப் பெற்றது. டிசம்பரில் அதே கடைசி வாரத்தில் உயர்கல்வி மசோதாவைக் கூட்டுக் குழுவுக்கும், பங்குச் சந்தைச் சட்டத் தொகுப்பை நிதி நிலைக்குழுவுக்கும் அனுப்பியது. முதலீட்டாளர் பேச அவகாசம் உண்டு. ஏரி வெட்டும் பெண்ணுக்கு மட்டும் அது ஏன் இல்லை?

செய்ய வேண்டியது கடினமானதல்ல. அரசமைப்பைத் திருத்த வேண்டாம். அவைகளின் நடைமுறை விதிகளை மாற்றினால் போதும். அரசு கொண்டுவரும் ஒவ்வொரு சாதாரண மசோதாவும் அறிமுகமானதும் தானாகவே உரிய நிலைக்குழுவுக்குப் போக வேண்டும். உண்மையான அவசரம் இருந்தால் அமைச்சர் எழுத்துபூர்வமாகக் காரணம் சொல்லி, அவையின் வாக்கெடுப்பில் விலக்குப் பெறட்டும். குழுவுக்குக் காலக்கெடு இருக்கட்டும். 90 நாள் என்றால் 90 நாள். எந்தப் பரிந்துரையை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்பதை, மசோதா மீண்டும் அவைக்கு வரும்போது அமைச்சர் தாக்கல் செய்யட்டும். மாநிலங்களின் நிதியைத் தொடும் மசோதா என்றால் மாநில அரசுகளின் கருத்தைக் கேட்காமல் குழு அறிக்கை தரக் கூடாது.

இந்தக் கோரிக்கையை எழுப்பும் தகுதி தமிழ்நாட்டு உறுப்பினர்களுக்கு அதிகம். திருநங்கையர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை நிறைவேற்றியது. பொருளாதாரத்தில் பின்தங்கிய முன்னேறிய வகுப்பினருக்கான 10 சதவீத இட ஒதுக்கீட்டுத் திருத்தம் 2019 ஜனவரியில் இரண்டே நாளில் இரு அவைகளையும் கடந்தபோது, அதைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பும்படி தீர்மானம் கொண்டுவந்து தோற்றவர் கனிமொழி. மக்களவையில் 39 பேரும் மாநிலங்களவையில் 18 பேரும் நமக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். விதி மாற்றத்துக்கான முன்மொழிவை இரு அவைகளின் விதிக் குழுக்களிடமும் எழுத்தில் கொடுங்கள்; மற்ற மாநிலக் கட்சிகளின் கையெழுத்தையும் வாங்குங்கள். நாளை உங்கள் கூட்டணி மத்தியில் ஆட்சிக்கு வந்தாலும் இதே கோரிக்கையில் நிற்பீர்கள் என்று இன்றே வாக்காளர்களிடம் சொல்லுங்கள்.