சிக்கனம் எங்கே தொடங்க வேண்டும்?

பெட்ரோல் விலை ஏறியது என்ற செய்தி காலைப் பத்திரிகையில் வெளியாகும் தினத்திலேயே, நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் இராச் சாப்பாட்டுக்கு முன்பாக ஒரு யோசனை நடந்து முடிந்துவிடுகிறது. அந்த யோசனையின் முடிவில் குறைக்கப்படுவது பெரும்பாலும் பெட்ரோல் செலவாகும் பிரயாணங்கள் அல்ல, பெட்ரோலுக்கும் தமக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாத சில சிறு சந்தோஷங்களே. குழந்தையின் பாட்டு வகுப்பு, சந்தா கட்டி வரவழைக்கும் மாதப் பத்திரிகை, மொட்டை மாடியில் தொட்டிகளில் வளரும் செடிகளுக்கு வாங்கும் மண்ணும் உரமும், வீட்டு அம்மாள் நெடுநாள் ஆசைப்பட்டு இப்போதுதான் சேர்ந்த தையல் வகுப்பு ஆகியவைதாம் ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்ற தீர்ப்புக்கு முதலில் ஆளாகின்றன. இந்த வரிசை தவறானது என்பது என் திடமான அபிப்பிராயம். செலவைக் குறைக்க வேண்டிய அவசியத்தை நான் மறுக்கவில்லை. குறைப்பதை எங்கே தொடங்குவது என்பதில்தான் நாம் பிழை செய்கிறோம்.

2010 ஜூன் மாதத்தில் பெட்ரோல் விலையின் மீதும், 2014 அக்டோபரில் டீசல் விலையின் மீதும் இருந்த அரசாங்கக் கட்டுப்பாடு நீங்கியது. 2017 ஜூன் முதல் தினந்தோறும் விலை மாறக்கூடிய முறையும் வந்துவிட்டது. தேசத்துக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறபடியால், எங்கோ ஒரு கடற்கால்வாயில் கப்பல் தாமதித்தாலும், எங்கோ ஒரு பாலைவனத்தில் பீரங்கி முழங்கினாலும், அதன் பலனைத் தாம்பரத்திலும் தஞ்சாவூரிலும் இருக்கிற கிருகஸ்தன் அனுபவித்தே தீர வேண்டியிருக்கிறது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியபோது உண்டான கலக்கம் அநேகருக்கு நினைவிருக்கும். அந்தக் கலக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அவசரமாகச் செய்யப்பட்ட முடிவுகளை நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால், அவற்றில் பல கணக்குக்கே ஒவ்வாதவை என்று விளங்கும்.

லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டரில் மாதம் 500 கிலோமீட்டர் போய்வருகிற ஓர் உத்தியோகஸ்தருக்கு 10 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால், அவருடைய பர்ஸிலிருந்து நேரடியாக அதிகம் போவது மாதம் 100 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் காரில் 600 கிலோமீட்டர் போகிறவருக்கு அதுவே 400 ரூபாய். இந்த 100 ரூபாயையோ 400 ரூபாயையோ ஈடுகட்டுவதற்காக, இதைப்போல இரண்டு மூன்று மடங்கு செலவுள்ள ஒரு குழந்தையின் வித்தையை நிறுத்திவிடுவது எவ்விதத்தில் நியாயம்?

இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படும் என்பதை அறிவேன். அந்தச் சமாதானத்தில் உண்மையும் உண்டு. விலையேற்றம் வண்டியின் டாங்கியோடு நிற்பதில்லை. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கத்தரிக்காயும் முருங்கைக்காயும், நீலகிரியிலிருந்து கேரட்டும் முட்டைக்கோசும் லாரி ஏறித்தான் கோயம்பேடு வந்து சேருகின்றன; லாரிக்கு டீசல் வேண்டும், டீசல் ஏறினால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் தெருமுனைத் தள்ளுவண்டியில் கால் கிலோ பீன்ஸின் விலையும் ஏறும். உழவுக்கு வரும் டிராக்டரும், கடலுக்குப் போகும் விசைப்படகும், பள்ளிக்கூட வேனும், ஷேர் ஆட்டோவும் இந்த விதிக்கு உட்பட்டவையே. சமையல் எரிவாயுவோ தனிக்கதை, 14.2 கிலோ சிலிண்டர் 2022 மே மாதத்தில் சென்னையில் 1,000 ரூபாயைத் தாண்டியதும், பிறகு 2023 ஆகஸ்டில் 200 ரூபாயும் 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைக்கப்பட்டதும் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே உண்மையான பாரம் பெட்ரோல் பங்க்கில் அல்ல, அடுப்பங்கரையில்தான் விழுகிறது. அதைச் சுமக்கிறவரும் பெரும்பாலும் வண்டி ஓட்டுகிறவர் அல்ல, சமைக்கிறவர்.

இந்தப் பாரத்தை எவ்வாறு சமாளிப்பது என்பதில் நம் வீட்டுப் பெண்களுக்கு உள்ள ஞானம் எந்த நிபுணருக்கும் குறைந்ததல்ல. துவரம்பருப்பை அரை மணி நேரம் முன்னதாக ஊறப் போட்டால் குக்கரில் அது வேகும் நேரம் கணிசமாகக் குறைகிறது. கொதி வந்த பிறகும் ஜ்வாலையைப் பெரிதாக வைத்திருப்பதால் பண்டம் விரைவில் வேகப்போவதில்லை, எரிவாயுதான் வீணாகிறது. பர்னரின் துவாரங்களில் பால் பொங்கி வழிந்து அடைத்துக்கொண்டால் நீல ஜ்வாலை மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியைக் கரியாக்குகிறது. என் உறவினர் வீட்டு மூதாட்டி ஒருவர் சாதம், பருப்பு, காய் மூன்றையும் ஒரே குக்கரில் அடுக்கி வைத்து, சத்தத்தை எண்ணி அணைத்து, ஆவி தானே அடங்கும்வரை மூடியில் கை வைக்காமல் காத்திருப்பார்; உள்ளே இருக்கும் சூட்டிலேயே மிச்ச வேலை முடிந்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். அவர் வீட்டு சிலிண்டர், அதே எண்ணிக்கையுள்ள மற்ற குடும்பங்களைக் காட்டிலும் சில நாட்கள் அதிகமாகவே வந்தது என்பதை நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன்.

அந்த வீட்டிலேயேதான் நான் சொல்ல வந்த தவறும் நடந்தது. பெட்ரோல் விலை 100ஐத் தாண்டிய அந்த வருஷம், குடும்பத் தலைவர் மிக்க வருத்தத்தோடுதான், பதினோரு வயதுப் பெண்ணின் வயலின் வகுப்பை நிறுத்தினார். அவர் கெட்டவரல்ல, குடும்பத்தின் மீது அளவு கடந்த பிரியமுள்ளவர். ஆனால் காலையில் பால் வாங்கத் தெருக்கோடிக்கு ஒருமுறையும், மறந்துபோன கொத்தமல்லிக்கு மறுமுறையும், மாலையில் நண்பரைக் காணக் கூப்பிடு தூரத்துக்கு இன்னொரு முறையும் அவர் வண்டியைக் கிளப்பியதை ஒருவரும் செலவு என்று கருதவில்லை, அவரும் கருதவில்லை. இயந்திரம் சூடேறுமுன் நின்றுவிடும் அப்படிப்பட்ட குட்டிப் பிரயாணங்களில்தான் கிலோமீட்டருக்கு அதிகமான பெட்ரோல் செலவாகிறது. காற்று குறைந்த டயரோடு ஓட்டுவதும், சிக்னலில் இயந்திரத்தை அணைக்காமல் உறுமவிட்டு நிற்பதும் அவ்வாறே. 1978இல் மத்திய அரசாங்கம் ஏற்படுத்திய பெட்ரோலியச் சிக்கன ஆராய்ச்சிச் சங்கம் இவற்றையெல்லாம் பல்லாண்டுகளாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பேச வல்லவருடைய பழக்கத்தில் கை வைப்பதைவிட, பேசாதவருடைய ஆசையில் கை வைப்பது சுலபமாக இருக்கிறது. வீட்டில் யார் எதிர்த்துச் சொல்ல மாட்டார்களோ, அவர்களிடமிருந்தே சிக்கனம் தொடங்குகிறது. இதைத்தான் அநீதி என்கிறேன்.

1973 அக்டோபரில் மேற்காசிய யுத்தத்தை ஒட்டி அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி வைத்தபோது, சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அச்சமயம் ஹாலந்து தேசம் நவம்பர் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதைத் தடை செய்தது. தடை செய்யப்பட்டது கார்தானே ஒழிய ஞாயிற்றுக்கிழமை அல்ல. ஆகவே ஜனங்கள் வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் சைக்கிள் விட்டார்கள், குழந்தைகள் சக்கரக் காலணியில் சறுக்கி விளையாடினார்கள். எரிபொருள் குறைந்தது, பொழுதுபோக்கு குறையவில்லை.

இதைக் காட்டிலும் நம் நெஞ்சுக்கு நெருக்கமான உதாரணம் யாழ்ப்பாணம். யுத்தத்தின்போது, 1990களின் தொடக்கத்தில், பொருளாதாரத் தடையினால் அங்கே பெட்ரோலும் மின்சாரமும் ஏறக்குறைய இல்லாமலே போயின. சில துளி பெட்ரோலைக் காட்டி இயந்திரத்தை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினார்கள். பெரும்பாலோர் அதுவும் இல்லாமல் சைக்கிளையே நம்பியிருந்தார்கள். அந்த இருட்டிலும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலியைக் கேட்டார்கள்; அச்சுக் காகிதம் அகப்படாதபோது பள்ளிக் கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சிட்டார்கள். செய்தியும் பாட்டும் வாசிப்பும் வசதியுள்ளவர்களுக்கு மட்டும் உரிய அலங்காரங்கள் என்று அவர்கள் எண்ணியிருந்தால், முதலில் அவற்றையல்லவா கைவிட்டிருப்பார்கள்? மறுபடியும் 2022இல் இலங்கை முழுவதும் எரிபொருளுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர் என்று அளந்து கொடுத்த நாட்களில், சைக்கிள்கள் கொழும்புத் தெருக்களுக்கே திரும்பி வந்தன. அத்தகைய கஷ்டம் நமக்கு வரவேண்டாம். ஆனால் அதில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லாத நெருக்கடிக்கு நாம் குழந்தையின் வயலினைப் பெட்டியில் பூட்டுவது பொருந்துமா என்று யோசிக்க வேண்டும்.

செலவில்லாத, அல்லது நாம் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்ட இன்பங்கள் எத்தனையோ உபயோகிப்பாரின்றிக் கிடக்கின்றன. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். ஆயினும் பக்கத்துக் கிளை நூலகத்தின் வாசற்படி மிதிக்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்! மார்கழி மாதத்தில் சென்னைச் சபாக்கள் பலவற்றில் பகல் நேரக் கச்சேரிகளுக்கு டிக்கெட்டே இல்லை. வளர்ந்து வரும் வித்வான்கள் உயிரைக் கொடுத்துப் பாடுகிறார்கள், நாற்காலிகளோ பாதி காலியாக இருக்கின்றன. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஒரு தாயும் மகளும் பேருந்துக்குக் காசு கொடுக்காமல் கடற்கரைக்கோ பொருட்காட்சிசாலைக்கோ போய் வரலாம். வாரக் கடைசியில் மகாபலிபுரம் வரை கார் ஓட்டிக்கொண்டு போய், காபி குடித்துவிட்டுத் திரும்புவதை நிறுத்தினால், அந்த ஒரு பிரயாணத்தின் மிச்சத்திலேயே ஒரு பத்திரிகையின் பல மாதச் சந்தா அடங்கிவிடும்.

நான் இங்கே பேசுவதெல்லாம் குறைத்துக்கொள்வதற்கு ஏதேனும் மிச்சம் உள்ளவர்களைப் பற்றித்தான். ஆட்டோ ஓட்டுகிறவருக்கும், வேளா வேளைக்குப் பிறர் வீட்டுக்கு உணவுப் பொட்டலம் கொண்டு போகும் இளைஞருக்கும் பெட்ரோல் என்பது செலவல்ல, தொழிலின் மூலப்பொருள். விலை ஏறும்போது அவர்களுடைய சம்பாத்தியமே குறைகிறது. அவர்களிடம் போய்ச் சிக்கனத்தை உபதேசிக்க எவருக்கும் உரிமை இல்லை. அரசாங்கங்களுக்கோ அந்த உரிமை அறவே இல்லை. 2020இல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் படுபாதாளத்துக்கு விழுந்தபோது, அந்த லாபம் ஜனங்களின் கைக்கு வராதபடி, மே மாதத்தில் பெட்ரோலின் மீதான மத்திய கலால் வரி லிட்டருக்கு ஏறத்தாழ 33 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பிறகு 2021 நவம்பரில் 5 ரூபாயும், 2022 மே மாதத்தில் 8 ரூபாயும் குறைத்தார்கள். மாநில அரசும் 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்தது. விலை இறங்கும்போது வரியை ஏற்றிவிட்டு, விலை ஏறும்போது குடும்பங்களைப் பார்த்துச் சிக்கனமாக இருங்கள் என்று சொல்வது ராஜ தர்மமாகாது. நகரப் பேருந்துகளை வேண்டிய அளவு ஓட்டி, நடைபாதைகளை நடக்கத்தக்கவையாகச் செய்து கொடுத்தால், ஜனங்கள் உபதேசமின்றியே வண்டியை வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

இன்னொரு விஷயத்தையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் அநாவசியம் என்று அடித்துவிடும் வரி, வேறொரு குடும்பத்தின் வரவுக் கணக்கில் இருக்கிறது. அந்த வயலின் ஆசிரியை வாடகை வீட்டில் இருப்பவர். அவருக்கும் அதே சிலிண்டர், அதே கத்தரிக்காய், அதே பெட்ரோல். ஒரே மாதத்தில் நாலைந்து குழந்தைகள் நின்றுவிட்டால் அவருடைய ஜீவனத்துக்கே பங்கம் வருகிறது. ஆகையால் விலையேற்றம் வரும் மாதத்தில், கணக்கு நோட்டைக் கூடத்தில் வைத்து, குழந்தைகளையும் சேர்த்து உட்காரவைத்து, வண்டியின் ஓட்டத்தையே முதல் வரியாக எழுதச் சொல்கிறேன். வாரத்தில் எத்தனை தடவை எதற்காகக் கிளப்பினோம் என்று ஒவ்வொருவரும் ஒளிக்காமல் சொல்லட்டும். குழந்தைகள் இதில் பெரியவர்களைவிட நேர்மையாக இருப்பார்கள். அதற்குப் பிறகும் கணக்கு இடிக்குமானால், வகுப்பை நிறுத்துவதற்கு முன்னால் ஆசிரியையிடம் மனம்விட்டுப் பேசலாம். வாரம் இரண்டு வகுப்பு என்பதைச் சில மாதங்களுக்கு ஒன்றாக்கிக்கொள்ளலாம். அதே தெருவில் கற்றுக்கொள்ள ஆசையுள்ள இன்னொரு குழந்தையையும் சேர்த்து, இருவருக்கும் ஒரே நேரத்தில் பாடம் வைத்து, சம்பளத்தை இரண்டு வீடும் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆசிரியை வண்டியில் வருவதற்குப் பதிலாகக் குழந்தைகளே அவர் வீட்டுக்கு நடந்து போகலாம்.