நாணம் கடற்கரையில் எங்கே போயிற்று?

அச்சமும் நாணமும் பெண்ணின் குருதியிலேயே ஊறியவை என்பாரும், அடங்கிப் பேசுதலும் பின்னிற்றலும் அவள் இயற்கை என்பாரும் இன்றும் உளர். அன்னார் ஒருநாள் விடியலில் மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றுக்குச் சென்று வருதல் நன்று.

படகு கரையேறும் மட்டும் தொழில் ஆடவருடையது. மீன் மணலில் விழுந்தபின் ஆட்சி பெரும்பாலும் பெண்டிர் கைக்கு மாறுகிறது. கடன் வாங்கிக் கூடை நிரப்புபவளும், விலையை உடைத்துப் பேசுபவளும், ஊரூராய்ச் சுமந்து விற்று மாலையில் வட்டிக் கணக்கை வாய்க்கணக்காகவே தீர்ப்பவளும் பெண்ணே. அவள் குரல் நான்கு தெருவுக்குக் கேட்கும். நகரத்தார் 'வாயாடி' என்று முகஞ் சுளிப்பர். வாய் அடங்கினால் அன்றே மீன் அழுகிப்போம் என்பதை அவர் அறியார். கடலில் அலைக்கு அஞ்சாத அவள் கணவனோ அங்காடியில் பேரம் பேசக் கூசுவான்!

அதே பெண், ஊர்க்கூட்டம் கூடுகையில் ஓரமாய் நிற்கிறாள். மன்றிற் பேசும் உரிமை ஆடவர்க்கே என்பது பல குப்பங்களில் வழக்கு. காலையில் இருந்த துணிவு மாலையில் எங்கே ஒளிந்தது? பிறவிப் பண்பாயின் இடத்துக்கு இடம் மாறுமோ? தொழில் பேசச் சொன்னது, பேசினாள். மன்றம் வாய்பொத்தச் சொன்னது, பொத்தினாள். அவ்வளவே.

கடற்கரை விட்டுச் சற்று உள்ளே சென்றால், செங்கற்பட்டுப் பகுதி இருளரிடையே ஆணும் பெண்ணும் சேர்ந்தே எலிவளை தோண்டுவர். பாம்பைக் கண்டு அலறுதல் பெண்ணியற்கை என்று அவர்களிடம் சொன்னால் நகைப்பர்.

இவ்வுண்மையைச் செங்கற்பட்டு 1929ஆம் ஆண்டிலேயே கண்டது. அங்குக் கூடிய தன்மான இயக்க மாநாடு, பெண்ணுக்கு உடைமையில் நிகருரிமையும் எத்தொழிலும் செய்யும் உரிமையும் வேண்டியதோடு, பள்ளியாசிரியப் பணியில் இயன்றவரை பெண்களையே அமர்த்துக என்றது. பெண்ணின் பண்பைத் திருத்துக என்று அது கூறவில்லை. அவள் நிற்கும் இடத்தை மாற்றுக என்றது. மூதாதையர் உடைமையில் மகளுக்கு நிகர்ப்பங்கு என்பது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டு ஆயிற்று. 1989இல் வந்த அச்சட்டமும் அதற்குமுன் மணமான மகளிரை விலக்கிற்று.

தமிழுணர்வாளர் இல்லங்களின் நிலை என்ன? மேடையில் பெண்ணுரிமை முழங்குகிறது. வந்தோர்க்குச் சோறாக்கும் பெண்டிர் அவ்வுரையில் ஒரு சொல்லும் கேட்டிலர். அவர்களை ஒருமுறையேனும் மேடையேற்றிப் பாராமலே, 'நம் பெண்களுக்குப் பேச வராது' என்கின்றனர். அடுத்த திங்கட் கூட்டத்தில் ஆடவர் உலை வைக்கட்டும், பெண்டிர் பேசட்டும். யாருக்கு எது வராது என்பது அன்று தெரியும்.