வாடைக்காற்றின் மீது பழி போட்டது போதும்

ஒவ்வோர் ஆண்டும் வாடைக்காற்று வீசத் தொடங்கிக் கொழும்பு வானம் மங்கும்போது ஒரு விளக்கம் தவறாமல் வந்து சேர்கிறது: இது இந்தியாவிலிருந்து வந்த புகை. அதில் பொய்யில்லை. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் வங்கக் கடலில் சுழன்றுகொண்டிருந்தபோது வடக்கேயிருந்து இழுபட்டு வந்த மாசு, யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை புகார் போலக் கவிந்தது. காற்றின் தரம் உடல்நலத்துக்குக் கேடான நிலைக்குப் போய்விட்டதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தது. டிசம்பர் 9ஆம் திகதி அரச பாடசாலைகள் மூடப்பட்டன. டில்லிக்காரருக்குப் பழகிப்போன செய்தி, நம் வீட்டுக்குள் வந்தது. அன்றிரவு புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. பிறகு இங்கே வானமும் வெளித்தது, பேச்சும் ஓய்ந்தது.

அந்த விளக்கத்தில் ஆட்சியாளருக்கு ஒரு வசதி உண்டு. குற்றவாளி பாக்கு நீரிணைக்கு அப்பால் இருந்தால் இக்கரையில் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சோளகம் வீசும் மாதங்களில் கடற்காற்று நகரத்தை ஓரளவு கழுவிவிடுவதால், மீதி நாட்களில் நாம் என்ன சுவாசிக்கிறோம் என்று கேட்க ஆளும் இல்லாமல் போய்விடுகிறது.

மாலை ஐந்தரை மணிக்கு வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கு முன்னால் பஸ்ஸுக்கு நிற்பவர்களைக் கேளுங்கள். நூறாம் நம்பர் பஸ் ஆட்களை அடைத்துக்கொண்டு கிளம்புகிற கணத்தில், பின்னாலிருந்து கன்னங்கரேலென்று ஒரு புகை எழுந்து நடைபாதையில் நிற்பவர்களின் முகத்தில் அறைகிறது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்துகிறார் ஒரு அம்மா. ரியூஷன் முடிந்து வரும் பிள்ளைக்குப் பொத்தவும் தெரிவதில்லை. காலி வீதியை ஒட்டிய மாடி வீடுகளில் காலையில் துடைத்த ஜன்னல் கம்பியை மாலையில் தொட்டால் விரலில் கரி ஒட்டுகிறது. அது பஞ்சாப் வயலில் எரித்த வைக்கோலின் கரியென்று சொன்னால் வெள்ளவத்தையில் சிரிப்பார்கள்.

கொட்டாஞ்சேனையின் பாடு இன்னும் மோசம். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள் எஞ்சினை நிறுத்தாமல் இங்குறுகடைச் சந்திப் பக்கம் வரிசை கட்டுகின்றன. புளூமெண்டல் குப்பைமேடு, குப்பை கொட்டுவது நின்ற பிறகும் தீப்பற்றிப் புகைந்ததை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை. தோட்டங்கள் எனப்படும் நகரத்துச் சேரிக் குடியிருப்புகளில், ஓரறை வீட்டுக்குள்ளேயே மண்ணெண்ணெய் அடுப்பு எரிகிறது. 2022இல் காஸ் சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், கூரைக்கும் தலைக்கும் இடைவெளியே இல்லாத அந்த வீடுகளில் விறகும் எரிந்தது. காற்று மாசு எல்லாருக்கும் பொது என்பார்கள். குளிரூட்டி போட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடியவருக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் அது ஒருபோதும் ஒன்றாக இருந்ததில்லை.

இந்தக் கரி நெஞ்சை மட்டும் கெடுப்பதில்லை. தமிழ்நாட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீ. ராமநாதன் முன்னின்று நடத்திய இந்து சமுத்திர ஆய்வில், 1999இல் மாலைதீவைத் தளமாகக் கொண்டு விமானங்களும் கப்பல்களும் நம் கடல் வானத்தை அளந்தன. தெற்காசியாவின் புகை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பரவி மண்ணிறப் படலமாகக் கிடந்தது தெரியவந்தது. அதிலுள்ள கரித்துகள் வெயிலை உறிஞ்சி வளியைச் சூடாக்குகிறது. ஆனால் காபனீரொட்சைட்டைப் போல நூற்றாண்டுக் கணக்கில் அது தங்குவதில்லை. சில நாட்களில், மிஞ்சினால் ஓரிரு வாரங்களில், மழையோடு இறங்கிவிடும். ஆகவே இன்று டீசல் கரியைக் குறைத்தால் அடுத்த மாதமே நுரையீரலுக்கும் பலன், காலநிலைக்கும் பலன். காலநிலைக்காகச் செய்யும் செலவின் பயனைப் பேரப்பிள்ளைகள்தான் காண்பார்கள் என்ற சாக்கு இதற்குப் பொருந்தாது.

இலங்கைக்கு இது முடியாத காரியமா? 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை வந்தது. நீலப்புகை கக்கிய டூ ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டிகளின் இறக்குமதிக்கும் தடை வந்தது. உத்தரவிட்ட இடத்தில் காரியம் நடந்திருக்கிறது.

ஆனால் உத்தரவே தளர்வாக இருந்தால்? அதே 2008இல் வர்த்தமானியில் வெளியான காற்றுத் தர நியமத்தின்படி, பி.எம். 2.5 எனும் நுண்துகள் ஆண்டுச் சராசரியாகக் கனமீற்றருக்கு 25 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவு 5. நம் சட்டத்தின்படி நல்ல காற்று, வைத்திய அறிவின்படி ஐந்து மடங்கு கெட்ட காற்று. புகைச் சான்றிதழ் விடயமும் அப்படித்தான். பரிசோதனைக்கு முதல் நாள் டீசல் பம்பைக் குறைத்து, சான்றிதழ் கைக்கு வந்ததும் பழையபடி கூட்டிக்கொள்ளும் வித்தை கராஜ்காரர்களுக்குப் புதிதில்லை. ஆண்டுக்கு ஒருநாள் சோதிக்கப்படும் பஸ் மற்ற நாட்களில் எப்படி ஓடுகிறதென்று வீதியிலேயே பார்ப்பதுதான் வழி.

பஸ் உரிமையாளரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ரூபாய் சரிந்த பிறகு உதிரிப்பாகத்தின் விலை எங்கே போனதென்று எல்லாருக்கும் தெரியும். 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி முடக்கப்பட்டதால் பழைய வண்டிகளே ஓடித் தேய்ந்தன. 2025இல் கதவு திறந்ததும் மின்சாரக் கார்கள் வந்திறங்குகின்றன. நல்லதுதான், ஆனால் நூறு பேரை ஏற்றும் பஸ் கரி கக்கிக்கொண்டிருக்க, ஒருவர் போகும் கார் மட்டும் சுத்தமாவது எந்த ஊர் நியாயம்? மாலபேயிலிருந்து கோட்டைக்கு வரவிருந்த இலகு ரயிலை 2020இல் இரத்துச் செய்ததற்கும் இந்தப் புகைக்கும் தொடர்பில்லையென்று எவரும் சொல்ல முடியாது.

பிராந்தியக் கடமையும் உண்டு. எல்லை கடந்த காற்று மாசைத் தடுக்க 1998இல் மாலேயில் தெற்காசிய நாடுகள் ஒரு பிரகடனத்தை ஏற்றன; இலங்கையும் இந்தியாவும் அதில் உண்டு. கட்டுப்படுத்தும் விதி இல்லாததால் அது பெயரளவில் கிடக்கிறது. ஐரோப்பா 1979இலேயே இதற்கு உடன்படிக்கை செய்து, பின்னர் படிப்படியாக அளவுகளையும் விதித்துக்கொண்டது. ஆசியான் நாடுகள் 2002இல் கையெழுத்திட்ட புகைமூட்ட ஒப்பந்தத்தை இந்தோனேசியா 2014இல்தான் அங்கீகரித்தது. இவை மெல்ல நகரும் காரியங்கள். தெற்காசியாவுக்கும் அப்படியொரு கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டுமென்று கொழும்பு குரல் கொடுக்க வேண்டும். ஆனால் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தையும் காலி வீதியில் கரிப்புகையையும் வைத்துக்கொண்டு டில்லியிடம் எந்த முகத்தோடு கேட்பது?

சுற்றாடல் அமைச்சு 2008 நியமத்தைத் திருத்தட்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும் பொலிஸாரும் கரும்புகை பஸ்களை வீதியிலேயே மறித்துச் சேவையிலிருந்து நிறுத்தட்டும். திருத்திக்கொள்ளக் குறைந்த வட்டிக் கடனும் கிடைக்கட்டும். அமெரிக்கத் தூதரகம் 2025 மார்ச்சில் தன் காற்றுத் தரவைப் பகிர்வதை நிறுத்திக்கொண்டது. ஆகையால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நம் சொந்தக் கருவிகள் நிற்க வேண்டும். மாசின் அளவு எவ்வளவுக்குப் போனால் பாடசாலை மைதானத்தை மூடுவது என்பதை அதிபர்களுக்கு மும்மொழியிலும் முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். இதற்கு டில்லியின் அனுமதி தேவையில்லை.