வாசலுக்கு ஏழு முக்கோணம்!

பொங்கல், கல்யாணம், கிரகப்பிரவேசம்னு எது வந்தாலும் வாசல்ல மாவிலைத் தோரணம் கட்டிடுவோம். மூணாம் நாளே அது சுருண்டு, காய்ஞ்சு, கலர் மாறிப் போயிடும். ஆனா கழட்ட மாட்டோம். அடுத்த பண்டிகைக்குப் புது இலை வர்ற வரைக்கும் பழசு அங்கேயே 'சலசல'ன்னு தொங்கிக்கிட்டு இருக்கும். இந்த வாரம் அந்த மாவிலைக்குத் துணையா ஒரு ஐட்டம்: உல்லன் நூல்ல குரோஷா தோரணம். பர்த்டே பார்ட்டியில முக்கோணக் கொடி வரிசையா தொங்குமே, 'பன்ட்டிங்'னு ஸ்டைலா சொல்வாங்களே, அதேதான். நம்ம ஊர்ல அதுக்குத் தோரணம்னு பேர் எப்பவோ வெச்சாச்சு.

"மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு எதுக்குடா ஊசியும் நூலும்?"னு ஹாஸ்டல்ல கேட்காத ஆள் இல்லை. 'குரோஷா பாட்டி'ன்னு பேரே வெச்சுட்டாங்க. பரவாயில்லை. ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க பாஸ். நீங்க போட்டிருக்கிற பனியனைத் திருப்பூர்ல மெஷின் பின்னுது. ஸ்வெட்டரை மெஷின் பின்னுது. லேஸையும் மெஷின் பின்னுது. குரோஷாவை மட்டும் கடைக்கு வர்ற அளவுக்குப் பின்னித் தள்ற மெஷின் கிடையாது!

காரணம் சிம்பிள். நிட்டிங்ல ஒரு வரிசையோட எல்லாக் கண்ணியும் ஒரே நேரத்துல ஊசிகள்ல மாட்டியிருக்கும். மெஷினுக்கு அது ரொம்ப வசதி. குரோஷாவுல உயிரோட இருக்கிறது ஒரே ஒரு கண்ணிதான். கொக்கி ஊசி, ஏற்கெனவே பின்னி முடிச்ச துணிக்குள்ள சரியான ஓட்டையைத் தேடி நுழைஞ்சு, நூலைப் பிடிச்சுக்கிட்டு வெளியே வரணும். இந்தத் தேடலை விரல் செய்யுது, மெஷின் திணறுது. ஆய்வுக்கூடங்கள்ல முயற்சி நடக்குது. 'குரோஷே மெஷின்'னு பேர் வெச்சு விக்கிற எந்திரம்கூட உண்மையில வார்ப் நிட்டிங் வகைதான். அதனால கடையில நிஜமான குரோஷா பொருள் எதைப் பார்த்தாலும், அதை ஒரு மனுஷன், பெரும்பாலும் ஒரு பெண், உட்கார்ந்து கண்ணி கண்ணியா போட்டிருக்காங்கன்னு அர்த்தம். இதை மனசுல வெச்சுக்குங்க, அப்புறம் வர்றேன்.

முதல்ல வேலை. தேவை: 4 மில்லிமீட்டர் குரோஷா ஊசி ஒண்ணு, நடுத்தரத் தடிமன்ல உல்லன் நூல் ரெண்டு மூணு கலர், கத்தரிக்கோல், மொட்டை முனை ஊசி.

சுருக்கு முடிச்சு போட்டு ஊசியில மாட்டுங்க. நூலைக் கொக்கியில பிடிச்சு அந்த வளையத்துக்குள்ள இழுத்தா ஒரு செயின். இப்படி ரெண்டு செயின் போடுங்க. இப்ப ஊசியை முதல் செயினுக்குள்ள விட்டு நூலைப் பிடிச்சு வெளியே இழுங்க. ஊசியில ரெண்டு வளையம் இருக்கும். மறுபடி நூலைப் பிடிச்சு ரெண்டுக்குள்ளயும் சேர்த்து இழுத்துடுங்க. இதுதான் சிங்கிள் குரோஷா. உங்க முக்கோணத்தோட கூர் முனை ரெடி.

அடுத்த வரிசைக்கு ஒரு செயின் போட்டு, துணியைத் திருப்பி, அதே ஒத்தைக் கண்ணியில ரெண்டு சிங்கிள். மூணாவது வரிசையில இருந்து ஒரே விதி: ஒரு செயின், திருப்பு, முதல் கண்ணியில ரெண்டு, மத்ததுல ஒவ்வொண்ணு. வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். ஒவ்வொரு வாட்டியும் திருப்புறதால ஒரு தடவை இடப்பக்கம், ஒரு தடவை வலப்பக்கம்னு மாறி மாறி விரிஞ்சு முக்கோணம் நேரா வரும். 20 வரிசை முடிஞ்சா மேல் விளிம்புல 20 கண்ணி. அகலம் சுமார் நாலு இஞ்ச்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுல பழைய பிரிட்டிஷ் பாணி குரோஷா புத்தகம் இருந்தா, அதுல 'டபுள் குரோஷா'ன்னு இருக்கிறது அமெரிக்கக் கணக்குல 'சிங்கிள் குரோஷா'. நான் சொல்றது அமெரிக்கக் கணக்கு. இந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைக்க இதுவரைக்கும் எந்த ஐ.நா. சபையும் கூடலை!

மூணடி அகல வாசலுக்கு ஏழு முக்கோணம் போதும். கோக்கிறது ஈஸி: 40 செயின் போடுங்க, முதல் முக்கோணத்தோட மேல் விளிம்புல 20 சிங்கிள், அப்புறம் 5 செயின் இடைவெளி, அடுத்த முக்கோணம்... கடைசியில மறுபடி 40 செயின். ரெண்டு முனையும் ஆணியில கட்ட.

வரிசைக்கு ஒண்ணு கூட்டினதால துணி தட்டையா வந்துது. ஒவ்வொரு கண்ணியிலயும் ரெண்டு ரெண்டு போட்டா? 1, 2, 4, 8... பத்தாவது வரிசையில 512! இடம் பத்தாம துணி பவழப்பாறை மாதிரி சுருண்டு சுருண்டு நிக்கும். கணிதத்துல இதோட உறவுக்காரப் பரப்புக்கு ஹைபர்போலிக் தளம்னு பேர். அதுவரைக்கும் காகிதத்துல ஒட்டின மாடல் எல்லாம் கையில எடுத்தாலே கிழியும். கார்னெல் பல்கலைக்கழகத்துல டைனா டைமினா என்கிற லாட்வியா நாட்டுக் கணித ஆசிரியை, 1997ல் அதைக் குரோஷாவுல பின்னி மாணவர்கள் கையில கொடுத்துட்டாங்க. எம்-2 பேப்பர்ல அரியர் வெச்சிருக்கிறவங்க ஒரு ஊசி வாங்கிப் பார்க்கலாம்!

இப்ப கணக்குக்கு வருவோம். எங்க காலேஜ் என்.எஸ்.எஸ். கேம்ப் சித்தேரி மலையில நடந்துது. தருமபுரி மாவட்டம், அரூர்ல இருந்து பஸ் வளைஞ்சு வளைஞ்சு ஏறும். மலையாளிப் பழங்குடி மக்களோட ஊர். (பேரைப் பார்த்து கேரளான்னு நினைக்காதீங்க, இவங்க தமிழ் பேசற மலைக்காரங்க.) சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்து நான் முக்கோணம் போட்டுக்கிட்டு இருந்தப்ப ஒரு அக்கா பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. ஊசியை வாங்கிப் பார்த்தாங்க, பத்தே நிமிஷத்துல என்னைவிட அழகா செயின் போட்டாங்க. அப்புறம் ஒரு கேள்வி: "இது எவ்ளோக்குப் போவும் தம்பி?"

எங்க டீமுக்கு ஒரே குஷி. "சூப்பர்டா! இங்க இருக்கிற மகளிர் குழுவுக்கு குரோஷா டிரெயினிங் கொடுத்துடலாம், வருமானம் வரும்"னு ரிப்போர்ட்டுக்குத் தலைப்பு வரைக்கும் போயிட்டாங்க. நான் நோட்டை எடுத்தேன்.

ஒரு முக்கோணத்துல ஒண்ணுல இருந்து 20 வரைக்கும் கூட்டினா 210 கண்ணி. ஏழுக்கு 1,470. கோக்கிறதுக்கு இன்னும் 250. மொத்தம் 1,720. புதுக் கைக்கு நிமிஷத்துக்கு எட்டு கண்ணின்னு வெச்சா 215 நிமிஷம். ஏழு முக்கோணத்துலயும் ரெண்டு ரெண்டு நூல் முனை நீட்டிக்கிட்டு இருக்கும். அதை ஊசியால உள்ளே மறைக்க 25 நிமிஷம். ஆக முழுசா நாலு மணி நேரம். ஃபேன்ஸி ஸ்டோர்ல 150 ரூபாய்க்கு விக்குதுன்னு வெச்சுக்குவோம். கடைக்காரருக்கு 50, நூலுக்கு 40. மிச்சம் 60. மணிக்கு 15 ரூபாய்! கை பழகி வேகம் ரெண்டு மடங்கானா மணிக்கு 30, எட்டு மணி நேரம் குனிஞ்ச தலை நிமிராம பின்னினா 240. தமிழ்நாட்டுல 2024-25க்கு நூறு நாள் வேலைக்கு அறிவிச்ச நாள் கூலியே 319 ரூபாய்.

"காட்டு வேலை இல்லாத நேரத்துல தானே தம்பி போடப் போறோம்?"னு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா இதே வார்த்தைக்கு ஒரு பெரிய சரித்திரம் இருக்கு. ஆந்திராவுல கோதாவரிக் கரைப் பக்கம் நரசாபுரம். 19ஆம் நூற்றாண்டுல மிஷனரிகள் வழியா வந்த குரோஷா லேஸ் அங்கே வீட்டுக்கு வீடு பரவி, வெளிநாடு வரைக்கும் போச்சு. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே போய் ஆராய்ச்சி பண்ணி 1982ல் ஒரு புத்தகமே எழுதினாங்க. அவங்க கண்டது இதுதான்: வீட்டு வேலையும் பார்த்துக்கிட்டு தினம் பல மணி நேரம் லேஸ் பின்ற பெண்களை 'ஓய்வு நேரத்துல பொழுதுபோக்கா பின்ற இல்லத்தரசி'ன்னு சொல்லிச் சொல்லியே கூலியைக் குறைச்சு வெச்சிருந்தாங்க. வியாபாரமும் லாபமும் ஆண்கள் கையில. நரசாபுரம் குரோஷா லேஸுக்கு 2024ல் புவிசார் குறியீடு கிடைச்சது. குறியீடு பேரைக் காப்பாத்தும். கண்ணிக்கு எத்தனை பைசான்னு அதுல எழுதியிருக்காது.

நம்ம நாகர்கோவில், இடையன்குடி லேஸும் மிஷனரி கதைதானேன்னு கேட்பீங்க. ஆமா, ஆனா அது வேற டெக்னாலஜி. திண்டு மேல குண்டூசி குத்தி, நூல் சுத்தின கட்டைகளை மாத்தி மாத்திப் போட்டுப் பின்றது. கொக்கிக்கு அதுல வேலை இல்லை.

அதுக்காக குரோஷா வேஸ்ட்னு நான் சொல்லலை. அயர்லாந்துல 1840கள்ல உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தப்ப குரோஷா லேஸ் வித்துத்தான் பல குடும்பம் அடுப்பு மூட்டுச்சு. நம்ம சென்னையில சுபஸ்ரீ நடராஜன் ஆரம்பிச்ச 'மதர் இந்தியா குரோஷே குவீன்ஸ்' பெண்கள் எல்லாரும் சேர்ந்து, 2016 ஜனவரி 31 அன்னிக்கு 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரிச்சு கின்னஸ் சாதனை பண்ணினாங்க. ரெண்டே முக்கால் ஏக்கர், பாஸ்! ஆசைக்குப் பின்றது வேற, அரிசிக்குப் பின்றது வேற. ரெண்டாவதை இன்னொருத்தருக்குச் சிபாரிசு பண்றதுக்கு முன்னாடி மணிக்கணக்கைப் போட்டுக் காட்டணும். எங்க ரிப்போர்ட்ல தலைப்பை அடிச்சுட்டு அந்தக் கணக்கை எழுதினோம். டீம்ல ரெண்டு பேருக்கு இன்னும் என் மேல கோபம்.

அக்கா கணக்கைக் கேட்டுட்டு, "அப்ப விக்கறதுக்கு வேணாம், எங்க வாசலுக்குப் போடறேன்"னு ஊசியைக் கையிலேயே வெச்சுக்கிட்டாங்க. நேரா ஆர்டர் எடுத்து, நாலு மணி நேரத்துக்கான கூலியைச் சேர்த்து விலை சொல்ல முடிஞ்சா அப்ப விக்கலாம்னு சொல்லிட்டு வந்தேன். அடுத்த தடவை குரோஷா பொருள் வாங்கும்போது நீங்களும் பேரம் பேசறதுக்கு முன்னாடி கண்ணியை எண்ணிப் பாருங்க.

கடைசியா ரெண்டு டிப்ஸ். முக்கோணத்தோட ஓரம் சுருண்டா, லேசா தண்ணி தெளிச்சு, துண்டு மேல விரிச்சு, குண்டூசி குத்தி நிழல்ல காய வைங்க. அழுக்கானா பச்சைத் தண்ணியில கொஞ்சம் ஷாம்பு போட்டு அலசினா போதும். அயர்ன் பாக்ஸை மட்டும் கிட்டக் கொண்டு போயிடாதீங்க. கடையில கிடைக்கிற உல்லன்ல பாதிக்கு மேல அக்ரிலிக். சூடு பட்டா உருகிப் பெட்டியில ஒட்டிக்கும்.