பதக்கம் தேடாத நாய்

வேட்டை தகுமா என்பது தனி விவாதம். ஆனால் பறவை வேட்டைக்கு நாயைத் தேர்வோர், அதன் நிறத்தையும் கண்காட்சிப் பதக்கத்தையும் முதலில் விசாரிப்பதை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்கள் வேலைக்கொரு நாய் வைத்திருந்தனர்: பறவை இருக்குமிடத்தை நின்று காட்டப் பாயிண்டர், புதரிலிருந்து எழுப்ப ஸ்பானியல், வீழ்ந்ததை எடுத்துவர ரெட்ரீவர். ஜெர்மானிய நாடுகளிலோ 1848ஆம் ஆண்டுப் புரட்சி, பிறர் நிலத்தில் வேட்டையாடப் பிரபுக்களுக்கிருந்த உரிமையைத் தகர்த்தது. புதிதாக வேட்டைக்கு வந்த எளியவருக்குக் கட்டுப்படியானது ஒரே நாய். வயல், காடு, நீர் மூன்றிலும் அதுவே உழைக்க வேண்டும். இத்தேவையிலிருந்து உருவானவற்றுள் ஒன்றே டிராட்ஹார் இனம். 1902இல் தோன்றிய அதன் சங்கம், வேலைத் தேர்வில் தேறாத நாயை இனப்பெருக்கத்திற்கு ஏற்பதில்லை.

இது கெடுபிடியன்று, அறம். குண்டடிபட்டும் சாகாத வாத்து நாணலுக்குள் மறைந்துவிட்டால், குளிர்நீரில் இறங்கித் தேடிக் கொணர நாய் வேண்டும். இல்லையேல் அப்பறவை அணுவணுவாகச் சாகும். பதக்கம் பெற்ற பளபளப்பு அங்கே எதற்கு உதவும்?

ஆகவே, குட்டியின் முகத்தில் மயங்குமுன் அதன் தாய்தந்தையரின் தேர்வு முடிவைக் கேட்போம். கேட்க மனமில்லாதவர் துப்பாக்கியைத் தொடாதிருப்பதே நன்று.