முயற் குட்டிகளும் பசுந்தழையும்

சந்தையிலிருந்து ஆசையோடு வாங்கி வரப்படும் வெள்ளை முயற்குட்டி, வீடு வந்து சேர்ந்த பத்து நாட்களுக்குள் கழிச்சல் கண்டு மாள்வது கிராமங்களில் சகஜமாகி விட்டது. குழந்தைகள் அழுது ஓய்ந்த பின்னர், சமவெளிச் சீதோஷ்ணம் முயலுக்கு ஒவ்வாது என்று பெரியவர்கள் தீர்மானம் செய்து கூண்டை விறகுக் கொட்டிலில் போட்டு விடுகின்றனர். இத்தீர்மானம் முற்றிலும் பிசகானதன்று. உஷ்ணம் 32 டிகிரிக்கு மேல் ஏறும்போது முயல் மிகவும் தவிக்கிறதென்பது மெய்யே. ஆனால் கார்த்திகை மாதக் குளிரிலும் குட்டிகள் அதே விதமாக மடிவதற்கு வெயிலைக் குற்றம் கூறுவது எங்ஙனம்? மேலும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தின் கிளையில் மட்டுமன்றிச் சமவெளியிலும் பலர் முயல்களைச் செவ்வனே வளர்த்து வருகின்றனர்.

பெரும்பாலான குட்டிகளின் மரணத்துக்குக் காரணம் வெறுப்பன்று, பிரியமே. குட்டி வந்த அன்றே முட்டைக்கோசு இலை, காரட், வாழைப்பழம் என்று வீட்டிலுள்ளவை யாவும் அதன் முன் குவிக்கப்படுகின்றன. முயலென்றால் காரட் என்னும் எண்ணம் 1940-இல் அமெரிக்கச் சினிமாச் சித்திரத்தில் தோன்றிய ஒரு முயலினால் உலகமெங்கும் பரவிற்று. உண்மையில் காரட் கிழங்கு சர்க்கரை மிகுந்த பண்டம். பழத்தைப் போலவே எப்போதாவது ஒரு துண்டு கொடுக்கத் தக்கது. அதன் தழையே முயலுக்கு நல்ல ஆகாரம்.

முயற்குட்டி கண் திறப்பது ஏறக்குறைய பத்தாம் நாளில். மூன்றாவது வாரத்தில் புல்லைக் கடிக்கத் தொடங்கும். பால் மறப்பது நான்கு முதல் ஆறு வாரங்களில். முயலின் குருட்டுக் குடல் உடலளவுக்கு மிகப் பெரியது. அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே நாரைப் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன. இளங்குட்டியின் வயிற்றில் இவை இன்னும் நிலைபெறவில்லை. அவ்வேளையில் இனிப்பும் மாவுப்பண்டமும் மிகுதியாகச் சென்றால் கெட்ட கிருமிகள் பெருகி, வயிறு பொருமி, கழிச்சல் காண்கிறது. முயலுக்கு வாந்தி எடுக்கும் சக்தி கிடையாதென்பதால், உள்ளே போனது உள்ளேயே துன்பம் செய்யும்.

ஆகவே வாங்கி வந்த குட்டிக்கு முதல் வாரத்தில் அது முன்பு தின்று வந்த தீனியையே கொடுத்து, உலர்ந்த புல்லும் சுத்த ஜலமும் எந்நேரமும் இருக்கும்படி செய்வதே உத்தமம். பசுந்தழை கொடுக்கப் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டுமென்பது பலர் கூறும் விதி. தாய் முயல் பசுந்தழை தின்று வந்திருந்து, குட்டிகளும் அதனுடன் சேர்ந்து கொறித்துப் பழகியிருந்தால் இவ்விதியைக் கண்டிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. சந்தைக் குட்டியின் பூர்வோத்தரம் எவருக்கும் தெரியாது. அதற்கு இவ்விதியே பத்திரமானது.

தொடங்கும்போது ஒரே வகைத் தழையில் இரண்டு விரலளவு துண்டு போதும். கொத்தமல்லியோ முள்ளங்கி இலையோ கல்யாண முருங்கையோ எதுவாயினும் சரி. மறுநாள் புழுக்கை உருண்டையாகவும் உலர்ந்தும் இருந்தால் சிறிது கூட்டலாம். நான்கைந்து நாள் கழித்தே அடுத்த வகையைச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் எது ஒவ்வவில்லை என்பது புலப்படும். இராக்காலத்தில் முயல் மிருதுவான புழுக்கையை வெளியிட்டுத் தானே அதை உண்ணும். அது நோயன்று, பலர் கழிச்சலென்று பயந்து வீணாக மருந்து புகட்டுகின்றனர். முயல் மசால் என்று பெயர் பெற்றதாயினும் அப்பயிரும் வேலிமசாலும் சத்து மிகுந்தவையாதலால் கொஞ்சமாகவே ஆரம்பிக்க வேண்டும். சூபாபுல் தழையை மிகுதியாகத் தின்ற முயலுக்கு உரோமம் உதிரும். உருளைக்கிழங்குச் செடி, தக்காளிச் செடி இவற்றின் இலையும், வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துக் கீரையைப் பற்றிக் குடியானவருக்குச் சொல்ல வேண்டுவதில்லை; ஆனால் தெளித்த நாள் குழந்தைகளுக்குத் தெரியாது.

இத்தனை ஜாக்கிரதையிலும் கழிச்சல் வரலாம். காக்சிடியா என்னும் கிருமியினாலும் குட்டிகள் மடிவதுண்டு. அரை நாள் தீனி தொடாத குட்டியைக் கால்நடை வைத்தியரிடம் உடனே கொண்டு போவதே தக்கது.

இவ்விஷயத்தில் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் பங்குண்டு. பால் மறவாத குட்டிகளைச் சில வியாபாரிகள் கூடையில் அடைத்து விற்கின்றனர். அவற்றை எவ்வளவு பக்குவமாகப் போஷித்தாலும் பிழைப்பது அரிது. ஆறு வாரம் நிறையாத குட்டியைச் சந்தையில் விற்கலாகாதென்று பஞ்சாயத்தார் வற்புறுத்தினால் பாதி உயிர்ச்சேதம் அங்கேயே குறையும். காட்டு முயல் சங்கதி வேறு. அறுவடைக் காலத்தில் வயலில் அகப்படும் குட்டி இவ்வினத்தைச் சேர்ந்ததன்று; கண் திறந்து உரோமத்தோடு பிறப்பது. அதைப் பிடித்து வளர்ப்பதை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பகலில் தனித்துக் கிடப்பதால் அது அனாதையென்று எண்ணலாகாது. தாய் அந்தி மயங்கிய பின் பால் கொடுக்க வரும். அறுவடை ஆட்கள் அதைச் சற்று ஒதுக்குப்புறமான வரப்படியில் விட்டு அகன்றால் போதுமானது.