இல்லமும் பள்ளியும்: மதிப்பெண்ணுக்கு அப்பால்



தேர்ச்சி அட்டையைக் கையில் ஏந்தியவாறு வாசற்படியில் தயங்கி நிற்கும் பிள்ளையை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். கணக்கில் முப்பது என்று கண்டதும், "இவனுக்குக் கணக்கு வராது" எனத் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அத்தீர்ப்பு நீதியானதா என்பதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு ஆராய்ந்த ஒரு கல்வியாளரை இம்மாதம் காண்போம்.

பெஞ்சமின் புளூம் 1913ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1942இல் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே தேர்வுகளை வகுக்கும் பொறுப்பில் பல்லாண்டுகள் உழைத்தார். 1956இல் அவரும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்ட நூல், அறிவின் செயல்களை ஆறு படிகளாக வகுத்தது: அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடுதல். மனப்பாடத்தை மட்டும் சோதிக்கும் வினாத்தாள் முதற்படியோடு நின்றுவிடுகிறது. பிள்ளையின் முழு ஆற்றலை அது எங்ஙனம் அளக்கும்?

நம் நாட்டிற்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1957இல் இந்தியாவுக்கு வந்து, தேர்வுச் சீர்திருத்தம் பற்றிய பயிலரங்குகளை நடத்தினார்.

1968இல் அவர் மற்றொரு கருத்தை முன்வைத்தார். பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் சிறு தேர்வு வைக்க வேண்டும். வைத்தியர் நாடி பார்ப்பது நோயாளிகளை வரிசைப்படுத்துவதற்கன்று. மருந்து இன்னதென அறிவதற்கே. அதுபோல், அத்தேர்வு குறையைக் காட்டும். ஆசிரியர் அதைத் திருத்தி, மறுபடியும் சோதித்த பின்னரே அடுத்த பகுதிக்குச் செல்வார். போதிய காலமும் துணையும் கிடைத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் பாடத்தில் தேர்ச்சி பெறலாம் என்பது அவர் துணிபு. இம்முறைக்குக் காலமும் உழைப்பும் மிகுதியாக வேண்டும். அவர் எதிர்பார்த்த அளவுக்குப் பயன் கிட்டுமா எனப் பின்வந்த ஆய்வாளர் சிலர் ஐயுற்றதும் உண்மையே. ஆயினும், பிழையைக் குற்றமாகக் கொள்ளாமல் குறிப்பாகக் கொள்ள வேண்டும் என்ற பாடம் இன்றும் நிற்கிறது. 1999இல் புளூம் மறைந்தார்.

பெற்றோரே, அடுத்த முறை மதிப்பெண்ணோடு நின்றுவிடாதீர்கள். விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பிள்ளையோடு அமருங்கள். தவறிய விடை ஒவ்வொன்றும் அறியாததாலா, புரியாததாலா, கவனக் குறைவாலா என்று பொறுமையாகப் பாருங்கள். முப்பது என்ற எண்ணுக்குப் பின்னால், பின்னக் கணக்கு ஒன்று மட்டுமே விளங்காமல் இருக்கலாம். அது ஒரு மாத உழைப்பில் தீரக்கூடியது. "வராது" என்ற சொல்லோ வாழ்நாள் முழுதும் நெஞ்சில் தங்கிவிடும்.

வாசற்படியில் நிற்கும் பிள்ளையை முதலில் உள்ளே அழையுங்கள்.